தோட்டக்கலை படிக்க வரும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பிள்ளை தோட்டக்கலை படிக்கப் போகிறேன் என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி: "தோட்டக்காரன் வேலைக்கா காலேஜ்?" நிலவடிவமைப்பைத் தொழிலாகச் செய்துகொண்டே மாணவர்களுக்குக் களப்பயிற்சியும் கொடுத்து வருகிறேன். இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஒப்பந்தம் முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, காய்கறி பயிரிட்டு, இந்த ஊர்ச் சந்தையை நிரப்பியவர்கள் நம் முன்னோர். மண்ணை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மண் படிப்பு கேவலமாகத் தோன்றக் கூடாது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அத்தனைக்கும் தோட்டக்கலை விடை சொல்லிவிடாது. வடிகால், வீட்டுவசதி, வறுமை எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் சரிவில் நீர் எப்படிப் போகிறது என்பது எங்கள் தொழிலின் நடுவிலேயே இருக்கும் விஷயம்.

பெரியா, பிளஃப் பக்கத்து மேடுகளில் சிவப்பு மணல் அதிகம். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நீர் ஊறிவிட்டால் பிடிப்பு விட்டுச் சரிந்துவிடும். சாட்ஸ்வொர்த்தில் மண் வேறு, தொல்லை அதே. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டவர்களுக்காக, மலைச்சரிவை வெட்டிப் படிபடியாக வீடு கட்டிய இடம் அது. வீட்டுக்கு முன்னால் ஒரு சரிவு, பின்னால் ஒரு சரிவு. பிள்ளைகள் கார் வாங்கியதும் வாசல் முழுக்க சிமெண்ட் போட்டாயிற்று. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, நேரே சரிவின் தலையில் கொட்டுகிறது. கீழ்வீட்டுக்காரரின் சுவர் உப்பத் தொடங்கிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த மாதிரி இடத்துக்கு மாணவரை அழைத்துப் போனால் நான் செடியைப் பற்றிப் பேசவே மாட்டேன். முதல் வேலை, மழை எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று படம் வரைவது. அடுத்து, வீட்டையும் சரிவின் விளிம்பையும் விட்டுத் தள்ளிய சமதளத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புவோம். முதல் தண்ணீர் மண்ணை நனைக்க மட்டும்தான். அது இறங்கிய பின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் குறைகிறது என்று குச்சி வைத்து அளப்போம். ஒரு பிடி மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி மறுநாளும் கலங்கியே நிற்கும். இந்த இரண்டு சோதனைக்கும் காசு செலவில்லை. கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விடலாமா, தொட்டியில் பிடிக்க வேண்டுமா, வடிகாலுக்கே அனுப்ப வேண்டுமா என்பதை முடிவு செய்ய இவை துணை நிற்கும். சுவர் ஏற்கெனவே உப்பியிருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அதை வீட்டுக்காரரிடம் தயங்காமல் சொல்வதும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

சரிவைப் பிடித்து நிறுத்த நான் அதிகம் நம்புவது வெட்டிவேர். ஆம், நம் பாட்டிமார் தண்ணீர்ப் பானையில் போட்டார்களே, அதே வெட்டிவேர்தான். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும். முளைக்கும் விதை வைக்காத வகையைத்தான் நடுகிறோம், அதனால் பக்கத்து நிலத்துக்குத் தாவாது. தூரைப் பிரித்து, சமமட்டக் கோட்டில் (சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் கோடு) 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நட வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் அங்கே புகுந்து பள்ளம் பறித்துவிடும். வரிசை மூடிக்கொண்டால் ஓடிவரும் நீர் வேகம் குறைந்து மண்ணை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

எதை நடக்கூடாது என்பதும் பாடம்தான். வெளியிலிருந்து வந்து இங்கே கட்டின்றிப் பரவும் உயிரினங்களுக்கான அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் ஒழுங்குமுறைகளின்படி, வீட்டை விற்பவர் தன் நிலத்தில் பட்டியலிட்ட தாவரம் இருந்தால், விற்பனை ஒப்பந்தம் முடியும் முன்பே வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. உன்னிச்செடி அந்தப் பட்டியலில் உண்டு. நாவல் மரமும் உண்டு, கேட்டால் மனசு வலிக்கும்தான். வேம்பு என்று நினைத்து வளர்க்கப்படும் சிரிங்காவும் உண்டு. வேப்பிலை ஒரே ஈர்க்கில் இருபுறமும் வரிசையாக நிற்கும். சிரிங்கா ஈர்க்கு மேலும் கிளைத்து அதில் இலை விடும். பூ ஊதா, காய் மஞ்சள், அந்தக் காய் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் தேவை. வேலிக்கு ஏதாவது வேண்டுமென்றால் அமாதுங்குலுவை வையுங்கள். நம் களாக்காயின் பேரினம்தான், இந்தக் கடற்கரைக்கே உரியது, உப்புக் காற்றைத் தாங்கும், பழுத்த பழத்தைத் தின்னலாம்.

மரங்களைப் பார்க்கவும் ஆள் வேண்டும். சுமார் இரண்டு மில்லிமீட்டரே இருக்கும் துளைவண்டு ஒன்று, தன்னோடு பூஞ்சையைக் கொண்டுவந்து மரத்துக்குள் வளர்க்கிறது. அது 2017இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு நாட்டின் பல நகரங்களில் தென்பட்டது. அவகாடோ மரத்தையும் தாக்கும். தண்டில் பேனா முனை அளவு துளையும் சுற்றிலும் கறையும் தெரிந்தால், வெட்டிய விறகை வண்டியில் ஏற்றி வேறு பகுதிக்குக் கொண்டு போகாதீர்கள். அது பரவும் வழிகளில் அந்த விறகும் ஒன்று.

படிக்க எங்கே போவது? 2015இல் மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது சமுதாயக் கல்லூரிகள் அமைக்கப்பட்டன. எல்லா மையத்திலும் இந்தப் பாடம் இருக்கும் என்று எண்ணாதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. அரசுத் தொழிற்கல்லூரி என்றால் தேசிய மாணவர் நிதி உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். சான்றிதழ், நாடு ஏற்கும் தகுதிகளைப் பதிவு செய்யும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிவானதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். பதிவில்லாத படிப்புக்குக் கட்டணம் கட்டிவிட்டு என்னிடம் வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாற்றங்கால் இருக்கிறதா, மண் சோதனை செய்து காட்டுகிறார்களா, வாரத்தில் எத்தனை நாள் வெளியில் வேலை என்றும் விசாரியுங்கள். முழுக்க வகுப்பறையிலேயே என்றால் வேறு இடம் தேடுங்கள்.