மாஸ்க்கின் ஓட்டை பெரிது, வைரஸ் சிறிது: பிறகு எப்படிச் சிக்குகிறது?

“வைரஸின் அளவு 0.1 மைக்ரான். மாஸ்க்கில் இருக்கும் இடைவெளிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. அப்புறம் எப்படி மாஸ்க் வைரஸைத் தடுக்கும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொரோனா காலத்திலிருந்து வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் கேள்விதான். (ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அதில் உள்ள இரண்டு தகவல்களும் உண்மை. அவற்றிலிருந்து வந்து சேரும் முடிவுதான் தவறு.

வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். நாம் பேசும்போதும் இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட, நீரும் உப்பும் சளியும் கலந்த நுண்திவலைகள் வெளியேறுகின்றன. வைரஸ் அவற்றுக்குள் இருக்கிறது. பெரிய திவலைகள் சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். சிறியவை ஈரம் உலர்ந்து இன்னும் சுருங்கி, மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். இவற்றைத்தான் ஏரோசால் என்கிறோம். ஆனால் இதோடு பதிலை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வைரஸ் தன்னந்தனியாக வந்தாலும் நல்ல மாஸ்க் அதைப் பிடித்துவிடும் என்பதுதான் இதில் சுவையான விஷயம்.

நாம் மாஸ்க்கைச் சல்லடை என்று நினைத்துக்கொள்கிறோம். சல்லடையில் துளையைவிடச் சிறியதெல்லாம் தப்பிவிடும். என்95 மாஸ்க்கின் நடு அடுக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. சில மைக்ரான் தடிமனுள்ள இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பல வரிசை ஆழத்துக்குக் கிடக்கின்றன. அந்த அடுக்கின் பெரும்பகுதி வெறும் காற்றுதான். வளைந்து நெளிந்து போகும் வழியில் ஒரு துகள் ஏதாவது ஓர் இழையைத் தொட்டுவிட்டால் போதும், மிக நெருங்கிய பொருள்களின் மூலக்கூறுகளுக்கு இடையே இயல்பாகவே இருக்கும் வாண்டர்வால்ஸ் விசை என்ற ஈர்ப்பு அதை ஒட்டவைத்துவிடும். மூச்சுக்காற்றால் அதைப் பிய்த்தெடுக்க முடியாது. ஆகவே துளை எவ்வளவு பெரிது என்பது இங்கே முக்கியமில்லை. துகள் இழையைத் தொடுமா என்பதே கேள்வி.

பெரிய துகள் தொடும். காற்று இழையைச் சுற்றி வளைந்து போகும்போது, கனமான துகளால் வளைய முடியாமல் நேராகப் போய் மோதுகிறது. சரி, மிகச் சிறிய துகள்? நீரில் மிதந்த நுண்துகள்களிடம் 1827-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் பார்த்த, 1905-ல் ஐன்ஸ்டைன் விளக்கிய அதே ஆட்டம்தான் இங்கே நடக்கிறது. காற்று மூலக்கூறுகள் நாலாபக்கமும் வந்து இடிப்பதால் 0.1 மைக்ரான் துகளால் நேர்க்கோட்டில் போகவே முடியாது. தள்ளாடித் தள்ளாடிப் போகும். துகள் சிறிதாகச் சிறிதாகத் தள்ளாட்டம் கூடும்; இழையில் முட்டும் வாய்ப்பும் கூடும். நேராகப் போய் மோதும் அளவுக்குக் கனமும் இல்லாமல், நன்றாகத் தள்ளாடும் அளவுக்குச் சிறிதாகவும் இல்லாமல் இருக்கும் நடுத்தரத் துகள்தான் வடிகட்டிக்குத் தலைவலி. வெறும் இழைகளாலான வடிகட்டியில் அது ஏறக்குறைய 0.3 மைக்ரான். அதனால்தான் என்95-ன் தரத்தைச் சொல்லும்போது 0.3 மைக்ரான் என்ற எண் கூடவே வருகிறது. அந்த அளவில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும்.

“அப்படியானால் அதைவிடச் சிறிய ஆக்சிஜன் மூலக்கூறும் சிக்கிக்கொள்ளுமே?” என்று கேட்கலாம். மாஸ்க் போட்டால் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்ற வதந்தியும் இதே இடத்தில் விடை பெறும். வாயு மூலக்கூறும் இழையில் மோதுகிறது, ஆனால் ஒட்டுவதில்லை. அதன் வெப்ப இயக்கத்துக்கு முன்னால் ஒட்டும் விசை எடுபடாது. மோதிய வேகத்தில் திரும்பிவிடும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி. 95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்றால் இழைகளை நெருக்கமாக அடுக்கலாம். ஆனால் மூச்சு முட்டும். இதற்கு வழி மின்னூட்டம். உருகிய பாலிப்ரொப்பிலீனை மெல்லிய துளைகள் வழியாகத் தள்ளி, சூடான காற்றை வேகமாக ஊதுகிறார்கள். அது நூலாம்படை போல மெல்லிய இழைகளாக இழுபட்டுப் படிகிறது. பிறகு உயர் மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். பாலிப்ரொப்பிலீன் நல்ல மின்கடத்தாப் பொருள் என்பதால் மின்னூட்டம் உள்ளேயே நீண்ட காலம் தங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு எலக்ட்ரெட் என்று பெயர். வரும் துகளில் மின்னூட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இழையின் மின்புலம் துகளுக்குள் இருக்கும் மின்னூட்டங்களைச் சற்றே இடம் மாற்றுகிறது. எதிர்க்குறி பக்கம் இழைக்கு அருகே வருகிறது. அருகில் புலம் வலிமையானது என்பதால் இழுப்பு ஜெயிக்கிறது. தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்குமே, அதே இயற்பியல். இழைகளை நெருக்காமலேயே வடிகட்டும் திறன் பல மடங்கு கூடுகிறது.

என்95-ஐச் சோப்பு போட்டுத் துவைக்கவோ ஆல்கஹாலில் நனைக்கவோ கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். மின்னூட்டம் போய்விடும். கண்ணுக்கு மாஸ்க் அப்படியேதான் தெரியும்.

இந்த மின்னூட்ட உத்தியை மேம்படுத்தியவர்களில் ஒருவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் பீட்டர் சாய். 1990-களில் அவர் செய்தது நெய்யாத துணிகள் பற்றிய ஆய்வு. யாரும் தலைப்புச் செய்தியாக்காத துறை. ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்திடமும் “உடனடிப் பயன் என்ன?” என்று கேட்டு நிதியை நிறுத்துபவர்கள், 2020-ல் உலகம் எதைத் தேடி ஓடியது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வடிகட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்று தடை குறைந்த வழியில்தான் போகும். மூக்கோரத்திலும் கன்னத்திலும் இருக்கும் இடுக்கு வழியாக 10 சதவீதக் காற்று நுழைந்தால், 95 சதவீத மாஸ்க்கின் உண்மையான பலன் சுமார் 85 சதவீதமாகிவிடும். சர்ஜிக்கல் மாஸ்க் பின்தங்குவது பெரும்பாலும் இங்கேதான். மருத்துவப் பணியாளர்களுக்குப் பொருத்தச் சோதனை ஒன்று உண்டு. தலைக்கு மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து, அதற்குள் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் கரைசலைப் புகைபோலத் தெளிப்பார்கள். என்95 அணிந்தவர் ஆழமாக மூச்சிழுக்க வேண்டும், தலையை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். நாக்கில் தித்தித்தால் மாஸ்க் பொருந்தவில்லை என்று அர்த்தம். விளிம்பு படியும் இடத்தில் தாடி இருந்தால் இந்தச் சோதனைக்கே உட்கார வைக்கமாட்டார்கள்.

அப்படியென்றால் சர்ஜிக்கல் மாஸ்க் வீணா? 2020-21-ல் வங்கதேசத்தின் 600 கிராமங்களில், சுமார் 3,40,000 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து ஊக்கப்படுத்திய கிராமங்களில் முறையாக அணிந்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில், அறிகுறியோடு உறுதியான கோவிட் தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் சுமார் 35 சதவீதம். இதை “மாஸ்க் 11 சதவீதம்தான் காக்கும்” என்று பரப்புகிறார்கள். அந்த எண், பாதிக்கு மேற்பட்டோர் மாஸ்க்கை முறையாக அணியாத ஊர்களின் மொத்தக் கணக்கு. நோயாளி இருக்கும் அறையில், முகத்தில் நன்றாகப் பொருந்திய என்95-ஐக் கழற்றாமல் இருக்கும் ஒருவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.