கார் கொட்டகைக்கு மின்சாரம்: வயர் வாங்கும் முன் மின் அட்டையைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் ஓர் ஆச்சி வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்கட்டுக் கார் கொட்டகையில் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்ய, சமையல்கட்டு விளக்குப் பாயிண்டிலிருந்து இரண்டு கம்பி இழுத்து, துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டி, 16 ஆம்பியர் பிளக் வைத்திருந்தார்கள். எர்த் இல்லை. தேக்குக் கட்டைக்குள் ஓடும் அந்தப் பழைய விளக்கு லைனுக்கே எர்த் கிடையாது. ஆச்சி வெறுங்காலோடு கார் கழுவிய ஈரத்தில் நிற்கிறார்.

செய்ய வேண்டியது இதுதான். மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்குத் தனி சர்க்யூட், அதற்கென ஓர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் கம்பி, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச். கோடையில் நம் செம்மண் காய்ந்தால் எர்த் குழியும் செயலிழக்கும், தண்ணீர் ஊற்றுங்கள். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். தெரிந்த பையன் நன்றாகவே செய்வான், ஆனால் வயரிங் முடிவுச் சான்றில் அவன் கையெழுத்து செல்லாது.

அலைச்சல் இதற்குப் பிறகுதான். கார் சார்ஜர் வைத்தால் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த வேண்டியிருக்கும். மின்வாரிய அலுவலகத்துக்கு மனுவோடு போனால், "இணைப்பு யார் பெயரில்?" என்பார்கள். மின் அட்டையில் இருப்பது வீட்டு ஐயா பெயர், அவர் காலமாகி முப்பது வருடம். முதலில் பெயர் மாற்றம். அதற்கு மற்றப் பங்காளிகளின் இசைவுக் கடிதம். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஆச்சி நான்கு முறை போனார். நான்கு முறையும் வேறு வேறு காகிதம் கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தர ஏன் முடியாதோ! இசைவு கிடைக்காவிட்டால் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வழி உண்டா என்று நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

சொந்த வண்டியை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம். தனி வணிக இணைப்பு தேவையில்லை. ஆனால் அதே கொட்டகையைக் கடைக்காரரின் சரக்கு வைக்க வாடகைக்கு விட்டால் கதை வேறு. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு; எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. முதலில் வருவது தற்காலிக மதிப்பீடுதான். பயந்துபோய் 7 நாளில் கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டுத்தான் இறுதி உத்தரவு போட வேண்டும். அதற்கு மேல்முறையீடு 30 நாளுக்குள், ஆனால் பாதித் தொகையைக் கட்டிய பிறகே.

ஆட்சேபத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஆச்சி கொடுத்த முதல் மனு "வரவே இல்லை" என்றார்கள்.