வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவுவதற்கு முன்: கொழும்பில் அரச நிவாரணம் பெறும் வழி

களனி கங்கை கொழும்பில் கரைபுரளும் நாளன்று நகரத்தின் மேல் மழை பெய்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. நோர்வூட், கித்துல்கல, தெரணியகல ஆகிய மலைப்பகுதிகளில் கொட்டிய மழை ஹங்வெல்லையைக் கடந்து இறங்கி, ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துத்தான் வெல்லம்பிட்டி, கொலன்னாவ, கடுவெல பக்கங்களில் வீட்டுப் படிகளைத் தொடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போதும் இப்படித்தான் நடந்தது. மழை விட்டுவிட்டது என்று நம்பிய பல வீடுகளுக்குள் அதன் பிறகே தண்ணீர் ஏறியது. ஆகவே கொழும்பில் இருப்பவர்கள் வானத்தைப் பார்ப்பதைவிட, நாகலகம் வீதியில் உள்ள நீர்மட்ட அளவீட்டை நீர்ப்பாசனத் திணைக்களம் எப்படி அறிவிக்கிறது என்பதைக் கவனிப்பது நல்லது. அங்கே 5 அடி சிறு வெள்ளமாகவும் 7 அடி பெருவெள்ளமாகவும் கொள்ளப்படுகிறது. உதவி தேவைப்பட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

உயிர் தப்பிய பின்னர் தொடங்கும் அலைச்சலைப் பற்றியே இங்கு விளக்க விரும்புகிறேன். அரசு தரும் உதவி பெரும்பாலும் ஒரேயொரு பட்டியலைச் சார்ந்திருக்கிறது. அது கிராம உத்தியோகத்தர் தயாரிக்கும், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியல். அந்தப் பட்டியல் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து மாவட்டச் செயலகத்தின் ஊடாக நிதி ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. அதில் பெயர் இல்லாத குடும்பம் எவ்வளவு இழந்திருந்தாலும் அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வெல்லம்பிட்டியில் வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். தாய் வீட்டில் தையல் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஹட்டனில் இருந்து வந்த பாட்டியும் கூடவே இருக்கிறார். இரவில் தண்ணீர் ஏறியதும் அவர்கள் பாடசாலையில் அமைக்கப்பட்ட பாதுகாப்பு நிலையத்துக்குப் போகாமல், கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வயதான ஒருவரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? ஆனால் பாதுகாப்பு நிலையத்தில் இருப்பவர்களின் விபரம் அங்கேயே பதியப்படுகிறது; உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் தாமாக அறிவித்தால்தான் பதிவாகிறார்கள். இடம்பெயர்ந்து உறவினருடன் தங்கியிருப்பவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. எனவே முதல் நாளிலேயே, தண்ணீர் புகுந்த வீடு அமைந்துள்ள பிரிவின் கிராம உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொல்லி, குடும்பத்தில் எத்தனை பேர், யார் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பதியச் செய்ய வேண்டும். தங்கியிருக்கும் கொட்டாஞ்சேனைப் பிரிவின் உத்தியோகத்தரிடம் சொன்னால் மட்டும் போதாது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வரும் அவசரம், சேற்றை அள்ளிக் கொட்ட வேண்டும் என்பது. அதற்கு முன் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, ஊறிப்போன கட்டில், மெத்தை, குளிர்சாதனப்பெட்டி, தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் என ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். வீட்டு இலக்கம் தெரியும்படி வாசலில் இருந்தும் ஒரு படம் வேண்டும். உத்தியோகத்தர் நேரில் பார்வையிட வருவதற்குள் வீடு கழுவப்பட்டிருந்தால், ஏற்பட்ட சேதத்துக்கு இந்தப் படங்களே சாட்சி. பிரதான மின் ஆளி நிறுத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்யாமல் ஈரமான வீட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. கைகால்களில் காயம் உள்ளவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்ட பின்னரே சேற்றில் இறங்குவது பாதுகாப்பானது.

உதவித் தொகை என்ன என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறுவனங்களையும் அவற்றின் கடமைகளையும் வகுத்திருக்கிறதே தவிர, ஒரு வீட்டுக்கு இத்தனை ரூபா என்று சொல்லவில்லை. தொகைகள் அவ்வப்போது சுற்றறிக்கைகளால் தீர்மானிக்கப்படுகின்றன. 2016 ஏப்ரலில் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில், மக்கள் தனியாகக் கட்டுப்பணம் செலுத்தாமலே, வீட்டுக்கும் சிறு வியாபாரத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை இழப்பீடு பெற இடமிருந்தது. அடுத்த மாதமே கொழும்பை வெள்ளம் சூழ்ந்தபோது பலர் அப்படியொரு காப்புறுதி இருப்பதையே அறிந்திருக்கவில்லை. டித்வாவுக்குப் பின்னர், வீட்டைச் சுத்தம் செய்வதற்கான கொடுப்பனவு 10,000 ரூபாவில் இருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கென 50,000 ரூபாவும், முற்றாக அழிந்த வீட்டை மீளக் கட்ட 50 இலட்சம் ரூபாவும், பகுதியளவு சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரையிலும் அறிவிக்கப்பட்டன. இந்தத் தொகைகள் அந்த அனர்த்தத்துக்கு உரியவை. அடுத்த வெள்ளத்துக்கும் இவையே கிடைக்கும் என்று கணக்குப் போடாமல், நடைமுறையில் உள்ள சுற்றறிக்கை எது என்று பிரதேச செயலகத்தில் உள்ள அனர்த்த நிவாரண சேவைகள் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களே அதிகம் தயங்குகிறார்கள். "வீடு எங்களுடையது இல்லையே, நாங்கள் எப்படிக் கேட்பது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சுவரும் கூரையும் சேதமானால் அதற்கான இழப்பீடு வீட்டு உரிமையாளருக்கு உரியது என்பது சரிதான். ஆனால் சேற்றைக் கழுவுகிறவரும், மெத்தையையும் அடுப்பையும் இழந்தவரும் அந்த வீட்டில் வாழ்கிறவர்தான். சுத்தம் செய்யும் கொடுப்பனவையும் பொருட்களுக்கான கொடுப்பனவையும் அவர் தயங்காமல் கேட்க வேண்டும். கொழும்பில் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களுக்கும், ஒரே இலக்கத்தைக் கொண்ட வீட்டில் மேல்மாடியில் ஒன்றும் கீழே ஒன்றுமாக வாழும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஒரே இலக்கத்தில் இரண்டு குடும்பங்கள் இருந்தால், இரண்டும் தனித்தனியாகச் சமைத்து வாழ்கின்றன என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பதியுங்கள்.

இன்னொரு சிக்கல் தேருநர் இடாப்பு, அதாவது வாக்காளர் பட்டியல். பதினைந்து வருடங்களாகக் கொழும்பில் உழைத்தாலும், பெயரை நுவரெலியாவிலோ மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ விட்டுவைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஊரோடு உள்ள பந்தம் அறுந்துவிடக் கூடாது என்ற அந்த மனத்தை நான் மதிக்கிறேன். எனினும் வெள்ளம் வந்த பிறகு கிராம உத்தியோகத்தர் முதலில் திறந்து பார்ப்பது தமது பிரிவின் இடாப்பைத்தான். பெயர் அதில் இல்லை என்றால், வாடகை உடன்படிக்கை, அந்த முகவரிக்கு வந்த மின்சார அல்லது நீர்ப் பட்டியல், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், உரிமையாளரின் எழுத்துமூல உறுதிப்படுத்தல் ஆகியவற்றைக் கொண்டுபோய் வதிவிடத்தை நிரூபிக்க முயல வேண்டும். இடாப்பு ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்படுவதால், உண்மையில் வாழும் இடத்தில் பெயரைப் பதிந்துகொள்வதே நிலையான வழி.

அடையாள அட்டை தண்ணீரில் போயிருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெற்று, கிராம உத்தியோகத்தர் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே வருவதால், கணக்குப் புத்தகம் நனைந்து கிழிந்திருந்தாலும் இலக்கத்தை வங்கியில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முச்சக்கரவண்டி மூழ்கியிருந்தால் அதை இயக்கிப் பார்க்கவே வேண்டாம். மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள வண்டியின் சொந்தச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தால் வெள்ளச் சேதம் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை உடனே கேட்டு, நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

சிங்களத்தில் மட்டும் அச்சிடப்பட்ட படிவத்தில், உள்ளடக்கம் புரியாமல் யாரும் கையொப்பம் இடக் கூடாது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, கொழும்பிலும் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. சேத மதிப்பீடு குறைவாக இருந்தாலோ பெயர் விடுபட்டாலோ, பிரதேச செயலாளருக்குத் தமிழிலேயே மேன்முறையீடு எழுதி, படங்களையும் இணைத்து, கையளித்த திகதி முத்திரையிட்ட பிரதியொன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று அதே அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.