மலைச்சாலையும் ஒரு கியர்தான்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவைக் குறுக்கே கடக்கிறது, 1933இல் திறக்கப்பட்ட ‘கோயிங் டு த சன்’ சாலை. மேற்கே மெக்டொனால்ட் ஏரிக்கரையிலிருந்து 2,026 மீட்டர் உயரத்திலுள்ள லோகன் கணவாய்வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள். சாய்வு 8 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏற்றம். நிலவடிவமைப்பாளர் தாமஸ் விண்ட் அதை ஏற்கவில்லை. மலைச்சுவரை ஒட்டி நீண்டு செல்லும் பாதையை முன்வைத்தார். அதில் ஒரே வளைவு. சாய்வு 6 சதவீதம். மலையின் தோற்றம் சிதையக் கூடாது என்பதே அவர் அக்கறை. ஆனால் அந்த முடிவின் அருமை, மூட்டை கட்டிய சைக்கிளில் ஏறுகிறவரின் முழங்காலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆள், சைக்கிள், கூடாரம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். 8 சதவீதச் சாய்வில் 8 கிலோ எடைக்கு இணையான விசை ஓயாமல் பின்னுக்கு இழுக்கும். 6 சதவீதத்தில் அது 6 கிலோதான். உயரம் மாறாததால் மொத்த வேலை குறைவதில்லை. பாதை நீள்கிறது, விசை தணிகிறது.

சைக்கிளின் கியர் செய்வதும் இதையேதான். முன் பற்சக்கரத்தில் 26 பல், பின்னதில் 34 பல் என்றால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி 1.6 மீட்டர்தான் நகரும். மணிக்கு 7 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 70 சுற்றுகளுக்குச் சற்று மேல். கால் இலகுவாகச் சுழலும். முன்னால் 39, பின்னால் 25 உள்ள பந்தய சைக்கிளில் அதே வேகத்துக்கு 35 சுற்றுகளே. ஒவ்வொரு மிதியும் இரு மடங்கு கனக்கும். தொடை பலத்தைவிடச் சிறிய கியரையே நம்பலாம் என்பேன்.

இரண்டு சலுகைக்கும் விலை நேரம். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் வரும் பூங்காவில் அது எளிதில் கிடைக்காது. குறுகிய சாலையில் மெதுவாக ஏறும் ஒரு சைக்கிளின் பின்னால் கார்கள் வரிசை கட்டிவிடும். அதனால் கோடையில் காலை 11 முதல் மாலை 4 வரை லோகன் ஓடையிலிருந்து கணவாய்க்கு சைக்கிளில் ஏறத் தடை உண்டு. அந்தப் பகுதிக்கே சுமார் மூன்று மணி நேரம் தேவை.

ஜூன் இறுதியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் மாலையிலும் ஏறலாம். ஆனாலும் விடியற்காலையே மேல். தசை, உணவின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் இயக்கமாக்கும், மிச்சமெல்லாம் வெப்பம். 7 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஆற்றும் அளவுக்கு முகத்தில் காற்று அடிக்காது. அதிகாலைக் குளிர்தான் அந்த வேலையைச் செய்யும்.