காலையில் மட்டும் மக்கர் செய்யும் கார்

இரவு முழுவதும் நின்ற பழைய கார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. நான்காவது முயற்சியில் பிடித்தாலும் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், நிற்காமல் குலுங்குகிறது. பத்து நிமிடம் ஓடியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இதற்காகப் பிளக், காயில், பம்ப் என்று வரிசையாக மாற்றிப் பணத்தை இழப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சூடானால் சரியாகிறது என்பதே பெரிய துப்பு. அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் தீப்பிடிக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் சீறி மறைகிறது. ஆறிய கல்லில் அப்படியே தேங்குகிறது. குளிர்ந்த எஞ்சினிலும் இதுதான் நடக்கிறது. இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் இன்டேக் குழாயின் சுவரிலும் வால்விலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. எனவே அளவைக் கூட்டித் தெளிக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் சோக்கை இழுத்து நாமே கலவையைக் கெட்டியாக்கினோம். 1967இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் அமைப்பு ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தபோது அந்தப் பொறுப்பு மின்னணுப் பெட்டிக்குப் போனது.

எஞ்சின் குளிர்ந்திருப்பதை அந்தப் பெட்டிக்குச் சொல்வது கட்டைவிரல் அளவே உள்ள கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல கார்களில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். கம்பி அறுந்தால் அளவு எல்லை மீறிவிடும். பெரும்பாலான கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆனால் மூப்படைந்த சென்சார் 20 டிகிரியை 60 என்று சொன்னால் பல பழைய கார்களில் விளக்கு எரியாது, ஏனென்றால் 60 நம்பக்கூடிய எண். எஞ்சின் சூடாக இருப்பதாக நினைத்து அந்தப் பெட்டியில் உள்ள கணினி பெட்ரோலைக் குறைக்கிறது. கலவை சரியா என்று புகையை வைத்துச் சொல்லும், புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் அப்போது உதவாது. அது சுமார் 300 டிகிரி சூடேறிய பிறகே வேலை செய்யும்.

இதைச் சோதிக்க விடியற்காலையைவிட நல்ல நேரமில்லை. இரவெல்லாம் நின்ற காரில் எஞ்சினும் கூலண்டும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். ஸ்டார்ட் செய்யாமல் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து, உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். காரின் கணினியில் உள்ள அளவுகளைக் காட்டும் ஸ்கேனர் கிடைத்தால் இன்னும் எளிது: கூலண்ட் வெப்பநிலைக்கும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைக்கும் சில டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது.

சென்சார் சரியென்றால் பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்கள். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் பின்புறம் பம்ப் இரண்டு விநாடி முனகி நிற்கும். மூன்று முறை இப்படிச் செய்த பிறகு முதல் சுழற்சியிலேயே எஞ்சின் பிடித்தால், இரவில் அழுத்தம் வடிந்திருக்கிறது என்று பொருள். பம்ப்பில் உள்ள தடுப்பு வால்வு, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், சொட்டும் இன்ஜெக்டர் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். பிளக் நனைந்து, கரும்புகையும் வந்தால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம்.

சூடான பின்னும் குலுங்கினால் காற்றுக்கசிவைத் தேடுங்கள். உள்ளே வரும் காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள காரில், வெடித்த ரப்பர் குழாய் வழியே திருட்டுத்தனமாக நுழையும் காற்று கணக்கில் வராது. கலவை நீர்த்து எஞ்சின் மிஸ்ஸிங் ஆகும், அதாவது அவ்வப்போது எரியாமல் தவறும். மேனிஃபோல்டு (இன்டேக் குழாய்) அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் காரிலோ அதே கசிவு கணக்கில் சேர்ந்துவிடும். குலுங்குவதைவிட ஐடிலிங் வேகம் ஏறுவதே அதிகம். குழாய்களை ஒவ்வொன்றாக மெல்ல நசுக்கிப் பாருங்கள். எஞ்சினின் ஓசை மாறும் இடத்தில் கசிவு இருக்கக்கூடும். தீப்பற்றும் ஸ்பிரேயைச் சூடான எஞ்சின் மீது அடிக்க வேண்டாம்.

காற்று நுழையும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டிலில் கரி படிந்து, அதைச் சுத்தம் செய்தால் சில கார்களில் ஐடிலிங் வேகம் கொஞ்ச நாள் கூடுதலாக இருக்கும். கரியோடு ஓடிய காலத்தில் கற்ற அளவையே கணினி இன்னும் பின்பற்றுவதால் வருவது அது. மீண்டும் கற்றுக்கொள்ளும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.