லாச்சிக்குள் கிடக்கும் வைரஸ் மருந்து

சுங்கை சிப்புட்டில் நான் போகும் போட்டோஸ்டாட் கடையில் மேசை லாச்சிக்குள் ஒரு பச்சை பென் டிரைவ் கிடக்கும். சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் இடுபணியை அச்செடுக்கக் கொண்டுவரும் மடிக்கணினி மக்கர் செய்தால், கடைக்கார அண்ணன் அதைத்தான் செருகுவார். உள்ளே கோம்போஃபிக்ஸ், ஜேஆர்டி என்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த வைரஸ், குப்பை நிரல் துடைக்கும் கருவிகள்.

"இதையெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்கண்ணே."

"ஜேஆர்டி இன்னும் ஓடுதே தம்பி!"

ஓடும். சிக்கலே அதுதான்.

ஜேஆர்டிக்குள் பெரிய மூளை ஒன்றும் கிடையாது, நீண்ட பட்டியல்தான். அழையா விருந்தாளியாக உலாவியில் ஒட்டிக்கொள்ளும் டூல்பார்கள் எந்தப் பெயரில் ஃபோல்டர் போடும், விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் எங்கே எழுதிவைக்கும் என்று அதில் இருக்கும். பெயர் பொருந்தினால் அழித்துவிடும். 2015இல் இதை மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வாங்கியது. மறு வருஷமே அதே வேலை செய்யும் அட்வ்கிளீனர் என்ற கருவியையும் வாங்கியது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு? 2018 ஏப்ரலில் ஜேஆர்டியை மூடிவிட்டார்கள். அட்வ்கிளீனர் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆக, ஜேஆர்டி இன்று 'ஒன்றும் இல்லை' என்று காட்டினால், மூடும்வரை அதற்குத் தெரிந்தது எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள்.

கோம்போஃபிக்ஸ் கதை வேறு. விண்டோஸ் 8க்குப் பிறகு அது வளரவே இல்லை. இயங்குதளத்தின் அடிமடியிலேயே கை வைக்கும் கருவி என்பதால், புதிய கணினியில் அது ஓடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

பட்டியலுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. வைரஸ் கோப்பின் கைரேகையைக் குறித்துவைத்துத் தேடும்போது, எழுதியவன் ஒரே ஒரு பைட்டை மாற்றினாலும் கைரேகை மாறிவிடும். அதனால் இப்போதைய கருவிகள் நடத்தையையும் கவனிக்கின்றன. செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு மருந்து வைப்பதோடு நிற்காமல், கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை வளர்ப்பார்களே, அதுபோல. கூகைக்கு எலியின் பெயர் தெரிய வேண்டாம். இருட்டில் சருகு அசைந்தால் போதும். முன்பின் தெரியாத நிரல் ஒன்று உங்கள் ஆவணங்களை மளமளவென்று பூட்டத் தொடங்கினால், விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் அதைத் தடுக்கப் பார்க்கும். சந்தேகக் கோப்பு என்றால் மைக்ரோசாஃப்ட் சர்வரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்.

சரி, ஆழமாக ஒளிந்திருக்கும் ரூட்கிட்? அது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே பொய் சொல்ல வைக்கும். அதற்குத்தான் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. கணினியை மறுபடி தொடக்கி, வழக்கமான விண்டோஸ் விழிக்கும் முன்பே வட்டைத் துழாவும். சுமார் 15 நிமிடம், ஒரு தே தாரிக் குடிக்கும் நேரம்.

அண்ணனுக்கு இதைக் காட்டத்தான் என் மடிக்கணினியில் அந்தப் பச்சை பென் டிரைவைச் செருகினேன். டிஃபெண்டர் உடனே கூவியது. எத்தனை கணினி ஏறி இறங்கியதோ, மருந்துக் கோப்புகளுக்கு நடுவே கோப்புகளை மறைத்துவிட்டுப் போலிக் குறுக்குவழிகளைக் காட்டும் ஷார்ட்கட் வைரஸ் ஒன்று குடியிருந்தது.