கொடுக்கு அடியில், சுண்ணாம்பு மேலே

மாசி வந்தால் என் கிளினிக்கில் தேனீ கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு பூசிய கைகள் வரத் தொடங்கும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் மரங்கள் தளிர்விட்டு, அந்தத் தளிரில் ஊறும் தேனுக்காகத் தோட்டமெல்லாம் தேன்பெட்டி வைத்திருக்கும் காலம் அது.

போன வாரம் ஒரு அக்கா புறங்கையை நீட்டினார். வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. "உடனே தேச்சிட்டேன் டாக்டரே" என்றார். ஈரப் பஞ்சால் துடைத்தேன். அடியில் கறுப்புப் புள்ளியாகக் கொடுக்கு அப்படியே நிற்கிறது! சுண்ணாம்பு எடுக்க வீடுவரை நடந்திருக்கிறார்.

தேனீயின் கொடுக்கு விஷப்பையோடு பிய்ந்து தோலில் மாட்டிக்கொள்ளும். தேனீ போன பிறகும் அந்தப் பை துடித்துத் துடித்து விஷத்தை இறக்கும். பெரும்பகுதி 20 நொடிக்குள் இறங்கிவிடும். அதனால் நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடுங்கினாலும் சரி, அந்த நிமிடமே எடுத்துவிட வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீர், துணியில் சுற்றிய ஐஸ். மோதிரம், வளையலை வீங்குமுன் கழற்றிவிடுங்கள். குளவி பொதுவாகக் கொடுக்கை விட்டுப்போகாது.

"விஷம் அமிலம், சுண்ணாம்பு முறிச்சிடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வலியைக் கிளப்புவது முக்கியமாக மெலிட்டின் என்ற புரதப்பொருள். அதுவும் தோலுக்கு அடியில் போய்விட்டது. மேலே பூசுவது அங்கே எட்டாது. வெங்காயம் தேய்த்தால்கூட நான் சண்டை போடமாட்டேன். சுண்ணாம்பு வேறு கதை, தோலை அரித்துவிடும். இமையில் கொட்டிய ஒரு பையனுக்குப் பாட்டி தடவிய சுண்ணாம்பு கண்ணுக்குள் இறங்கிவிட்டது. கொட்டின வீக்கம் 2 நாளில் வற்றியது, கண்புண் ஆற வாரக்கணக்கானது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் அரை மணி நேரமாவது கழுவிக்கொண்டே கண் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

கொட்டின இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மூச்சுத்திணறல், வாந்தி, தலைசுற்றல் வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமே இல்லை. 108-ஐ அழையுங்கள், இங்கேயும் எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்திலும் அதே எண்தான். கூட்டமாகக் கொட்டியிருந்தால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். விஷம் சிறுநீரகத்தைப் பிடிக்கலாம்.

பல வருஷமாகக் கொட்டு வாங்கிப் பழகிய தேன்பெட்டிக்கார அண்ணன் ஒருவர் ஒரே கொட்டில் மயங்கி வந்தார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதும் சில நிமிடத்தில் தெளிந்தார். அந்த ஒவ்வாமை திரும்பவும் வரலாம் என்பதால் சாயங்காலம்வரை படுக்கவைத்தேன். அவர் கவலையெல்லாம் பெட்டியை மூடாமல் வந்துவிட்டோமே என்பதுதான்.